மு.ப. 10.00

கைபேசியின் அம்பு காட்டிய ஆலமரத்துக்குள் நுழைந்தால், விழுதுகளுக்கு நடுவே ஒரு பழைய தாலுகா கச்சேரி. ஆயிரம் ஜன்னலாவது இருக்கும். வாசலில் யாரோ ஒளித்துவைத்த டப்பாவில் ஒரு நோட்டு. கண்டுபிடித்தவர் பெயர் எழுத வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. என்னோடு ஆபீஸில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஞானசிகாமணி, பழக்கதோஷத்தில் ‘மு.ப. 10.00’ என்றும் சேர்த்து எழுதிவிட்டார். உள்ளே மணி அடித்தது.

“யோவ், நேரம் போட்டா வேலைக்கு வந்த மாதிரி ஆயிடும்யா! எழுதினதை அடிச்சுட்டு வா, வீட்டுக்குப் போகணும்,” என்றேன்.

“அடிச்சா மெமோ வரும் சார்,” என்றபடி உள்ளே போய் நாற்காலியைத் தட்டி உட்கார்ந்தார். முப்பது வயது குறைந்துவிட்டது மனுஷனுக்கு. தலைமுடிகூட வந்துவிட்டது!

“ஞானம், எழுந்து வாய்யா!”

அவர் கோப்பிலிருந்து தலை நிமிரவில்லை. நோட்டில் அடுத்த வரி காலியாக இருந்தது. கைபேசியில் மணி பத்து ஒன்பது. தாமதமாக வருபவர் கையெழுத்துப் போட பத்து பத்து வரைதான் சலுகை.