மடிப்புப் படத்து விட்டில்

சிரிப்பு வரும், பொறுங்கள். பல்லி இன்னும் சாப்பிடவில்லை.

கண்காட்சிக் கூடத்துச் சுவரில் விசிறிபோல மடித்த ஒரு படம் மாட்டியிருந்தது. இடப்பக்கமிருந்து பார்த்தால் கொழுத்த விட்டில்பூச்சி தெரியும். வலப்பக்கமிருந்து பார்த்தால் வெறும் நீல வானம். மூன்று நாள் பட்டினியாகக் கிடந்த பல்லிக்கு இது தெரியாது. சட்டத்து மூலையில் வலை கட்டியிருந்த சிலந்திக்குத் தெரியும்.

பல்லி இடப்பக்கமிருந்து பாய்ந்தது. வழுக்கிக்கொண்டு வலப்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் வானம்தான் இருந்தது.

“நான் இந்தப் பக்கம் வந்துட்டேனே, அக்கா!” என்று விட்டில் குரலில் கீச்சிட்டது சிலந்தி.

பல்லி திரும்ப ஓடியது. விட்டில் இருந்தது. பாய்ந்தது. இல்லை.

“சாப்பாட்டு வேளையில ஓடிப்பிடிச்சு விளையாடுறியேக்கா!”

சாயங்காலத்துக்குள் எத்தனை நடை என்பது சிலந்திக்கே மறந்துவிட்டது. கடைசியில் பல்லி எந்தப் பக்கமும் போக முடியாமல் படத்தின் நடுவிலேயே தாடையை வைத்துப் படுத்துவிட்டது. கண்ணெதிரே ஒரு மடிப்பில் சிறகு, அடுத்த மடிப்பில் வானம், அதற்கடுத்ததில் மறுபடி சிறகு.

“என்னைப் பிடிக்க வரலியா, அக்கா?” என்றது விட்டில் குரல்.

“அது எங்க தம்பி போச்சு, பிடிக்கிறதுக்கு?” என்றது பல்லி, சிலந்தி இருந்த மூலையைப் பார்த்து. “காலையிலேர்ந்து போய்ப் போய் வந்தது நான்தான்.”