கோட்டை வாசலில் கிண்ணம்

"ஹேசல், முதல்ல அந்த ஆளை எழுப்பி அனுப்புங்க!"

கோட்டை வாசலில் கந்தல் துணியும் வெறுங்காலுமாக உட்கார்ந்திருந்த டெஸ்மண்ட் கிசுகிசுத்தார். பிச்சைக்கார வேஷம்; கையில் மரக்கிண்ணம். முழங்காலில், மெழுகும் சாயமும் வைத்து அவரே செய்துகொண்ட புண்.

பழங்காலப் போரை நடித்துக் காட்டும் குழுவின் பொருளாளர் ஹேசல் திரும்பிப் பார்த்தாள். எதிர்ச் சுவரோரம், நீல நைலான் படுக்கைப் பையைப் போர்த்திக்கொண்டு, நிஜமாகவே வீடு வாசல் இல்லாத ஒருவர். முன்னால் காகிதக் கோப்பை.

"பாவம், இருந்துட்டுப் போகட்டுமே."

"பதினஞ்சாம் நூற்றாண்டுல நைலான் ஏதுங்க? வர்றவங்க நம்மளைப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்க? அதோட, எனக்கு விழவேண்டிய காசெல்லாம் அங்க விழுது!"

ஹேசல் யோசித்தாள். குதிரை வாடகை, மைதான வாடகை, காப்பீடு என்று எல்லாவற்றுக்கும் பணம் குறைகிறது. இன்றைய வேஷ வசூலில் சேராவிட்டால் இந்த வருஷம் போர் நடிப்பே கிடையாது. உண்டியலைக் கண்டால் நழுவுகிற ஜனம் டெஸ்மண்டின் கிண்ணத்தில் மட்டும் தாராளமாகப் போடும். ஊரில் அவர் வீடு விற்கும் தரகர். "தொழிலை மாத்திக்கோய்யா, இதுலதான் உனக்குக் கைராசி!" என்று குழுவே கேலி செய்யும்.

அவள் போய்க் குனிந்து ஏதோ சொன்னாள். அந்த மனிதர் பையைச் சுருட்டிக்கொண்டு நடந்தார்.

டெஸ்மண்டுக்கு என்னவோ போலிருந்தது. 'குழுவுக்காகத்தானே?' என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு, "தர்மம் பண்ணுங்க, மகராசி!" என்று ராகம் இழுத்தார். காசு விழுந்தது. கிண்ணம் நிரம்ப நிரம்ப ஹேசல் வந்து காலி செய்துகொண்டு போனாள்.

மதியம் மழை பிடித்தது. வீரர்கள் எல்லாரும் கூடாரத்துக்குள் ஓடிவிட்டார்கள். அடுத்த பஸ் வரும், நாலு காசு விழும் என்று டெஸ்மண்ட் மட்டும் குளிரில் பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தார்.

எதிரே வந்து நின்றது அதே மனிதர்.

'நான்தான் அனுப்பச் சொன்னேன்னு தெரிஞ்சுபோச்சு. சண்டைக்கு வந்துட்டான்!' டெஸ்மண்ட் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அவரோ குனிந்து காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். தன் காகிதக் கோப்பையில் இருந்த சில்லறையை அப்படியே அதில் கொட்டினார்.

"ஒண்ணுமே விழலையாண்ணே? கால்ல வேற இவ்வளவு பெரிய புண்ணு."

டெஸ்மண்ட் வெட்கத்தில் கூனிக்குறுகிப் போனார். மெழுகுப் புண்ணைக் கந்தலால் மூடிக்கொண்டார்.

"இங்க உக்காராதீங்கண்ணே. உள்ள இருக்கிற வேஷக்காரங்களுக்கு நம்மளை மாதிரி ஆளுங்களைக் கண்டாலே ஆகாது. காலைல என்னைத் துரத்தினாங்க, அடுத்தது உங்களைத்தான். எங்கூட வந்துடுங்க. இந்தப் பையைப் பிரிச்சு விரிச்சா, ரெண்டு பேரும் படுத்துக்கலாம்."