கோஸ்தான்!

ஆயர் ஈத்தாம் ஊரில், வீட்டுத் தோட்டத்தில் காலை வெயில் ரம்புத்தான் இலைகளின் வழியே சல்லடையாய் இறங்குகிறது. குட்டி டிராக்டரின் இருக்கையில் ஆரோக்கியநாதன் யானைமேல் ராஜாவைப்போல் வீற்றிருக்கிறார். அவருக்கு எழுபது வயது. முழங்கால்கள் அவரைவிட முப்பது வயது மூத்தவை. அதனால்தான் மாக் மண்டின் தொழிற்பேட்டைப் பட்டறையில் கற்ற வித்தையையெல்லாம் கொட்டி, இருக்கையைவிட்டு இறங்காமலே சருகு வாரும் வாரியை மாட்ட ஒரு கொக்கி செய்திருக்கிறார். இன்று அவர் கால் தரையில் பட்டால் டிராக்டர் பழைய இரும்புக்கடைக்கு! மனைவி ரீத்தாவோடு போட்ட பந்தயம் அது. "கோஸ்தான், கோஸ்தான்!" என்று, வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லி அவள் தேநீர்க் கோப்பையை ஆட்டிக் கூவுகிற கூவலில் தெருவிலுள்ள கார்களெல்லாம் பின்னால் நகர்ந்துவிடும்போலிருக்கிறது. வண்டி உறுமியபடி பின்வாங்குகிறது. அவர் கொக்கியின் பிடியை மெல்லத் தாழ்த்துகிறார். டக்! வாரி மாட்டிக்கொள்கிறது. அந்தச் சத்தத்துக்குக் கொம்தார் கோபுரத்தின் உச்சியில் நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். குதூகலத்தில் அவர் காலை உதற, இடது செருப்பு பறந்துபோய்ப் புல்லில் விழுகிறது.

"தோத்தாச்சு ஷேன் அப்பா! இறங்கி எடுங்க," என்று பிள்ளை பேரைச் சொல்லி அவரைக் கூப்பிடுகிறாள் ரீத்தா.

"சிலிப்பர்தான்லா விழுந்துச்சு, காலா விழுந்துச்சு?"

வண்டி ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. வாரியின் பற்கள் சருகோடு செருப்பையும் இழுத்துவந்து ரீத்தாவின் காலடியில் சேர்க்கின்றன. சிரிப்பை அடக்கமாட்டாமல் அவள் குனிந்து எடுத்து, தொங்கும் பாதத்தில் அதை மாட்டிவிடுகிறாள்.

"பாத்தியா," என்கிறார் அவர், "இதையும் இறங்காமலே மாட்டியாச்சு!"