தங்கக் காது

பிரமிளாவின் கண்களைக் கறுப்புத் துணியால் இறுக்கிக் கட்டி, அறையின் நடுவே நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சுற்றி மூன்று ஆண்கள் இருந்தார்கள்.

"தப்பிக்க முடியாதுக்கா. உண்மையச் சொல்லிடுங்க, ஒண்ணா ரெண்டா?" என்றான் ஹைதர்.

"அவசரப்படுத்தாத லா. அவ நிதானமாத்தான் சொல்லுவா" என்றார் அவள் கணவர் மோகனராஜ்.

கடத்தலும் இல்லை, கொள்ளையும் இல்லை. ஆயர் ஈத்தாமில் ஒரு ஃப்ளாட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டுக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். சுவரில் இரண்டு பிளக் பாயிண்ட். ஒன்று வீடு கட்டும்போதே இருந்தது, மற்றது வெளிநாட்டிலிருந்து வரவழைத்த தங்க முலாம் பூசியது. எதில் செருகினால் ஆம்ப்ளிஃபயர் இனிமையாகப் பாடுகிறது என்று பிரமிளா சொல்ல வேண்டும்.

இந்த வம்பு தொடங்கிச் சில வருஷங்கள் ஆகின்றன. மோகனராஜ் முதன்முதலாக ஒரு புதுப் பிளக் பாயிண்டை மாட்டிவிட்டு, "எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டார். பிறை ஊரில் தொழிற்சாலை வேலையை முடித்துவிட்டுக் களைத்து வந்திருந்த பிரமிளாவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் மனுஷன் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல மனசு வரவில்லை.

"அட, பக்கத்துல நின்னு பாடுற மாதிரியே இருக்குங்க!" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் வசமாக மாட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சுவரில் பிளக் பாயிண்ட் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் மோகனராஜ் வாயைத் திறக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் "நல்லாருக்கு" என்ற பிறகுதான் தலையாட்டுவார். கூட்டாளிகளிடம் "எங்க வீட்டுக்காரிக்குத் தங்கக் காது" என்று பெருமை வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போக முடியாமல், பாவம், இந்த நாற்காலியிலேயே கிடந்தாள்.

இன்றைக்கு நிலைமை இன்னும் மோசம். தங்கம்தான் நல்லது என்று அவள் சொல்லிவிட்டால், நாளைக்கே ஆள் வந்து சுவரை உடைத்து, மீட்டர் பெட்டியிலிருந்து அதற்கென்று தனி ஒயர் இழுப்பான். அந்தச் சுவரில்தான் அவள் சாமி மேடை இருக்கிறது. வித்தியாசமே இல்லை என்று சொன்னாலோ, இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய்யாகி, கூட்டாளிகள் முன்னால் கணவர் தலைகுனிய வேண்டும்.

"உங்களுக்கு எது நல்லாருக்குண்ணே?" என்று கேட்டார் இன்னொரு கூட்டாளி ஜெயராஜ்.

"என் காத விடு. அவ காதுதான் காது. அவளுக்குப் பிடிச்சுதுன்னா சுவத்த உடைக்கிறதுதான்" என்றார் மோகனராஜ்.

ஹைதர் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிறவன் இல்லை. கண்ணைக் கட்டும் யோசனையே அவனுடையதுதான். "முதல்ல பழைய பாயிண்ட்" என்று சொல்லிவிட்டு, ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்த கபினெட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். ஒரு வீணை வாசிப்பு ஒலித்து நின்றது. பின்னால் ஏதோ உருட்டும் சத்தம் கேட்டது, சுவிச்சு தட்டும் சத்தம் கேட்டது. மறுபடியும் அதே வீணை.

"இப்ப சொல்லுங்கக்கா. ஏதாச்சும் மாறுதா?"

பிரமிளாவின் காதுக்கு ஒரு மாறுதலும் தெரியவில்லை. எப்போதும் போலக் கணவர் முகத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வரவும் வழியில்லை. சாமிக்கு வேறு சுவர் பார்த்துக்கொள்ளலாம், மனுஷனுக்குப் போன மானத்தை எங்கே போய் வாங்குவது? அவள் துணிந்துவிட்டாள்.

"இதுதான்! ரெண்டாவதுதான். கம்பி அதிர்றதுகூடத் தெளிவாக் கேக்குது. பழசுல இது எங்க கேட்டுச்சு?"

ஹைதர் கபினெட்டுக்குப் பின்னாலிருந்து மெதுவாக எழுந்து வந்தான்.

"அலாமாக்... அக்கா, நான் பிளக்கக் கழட்டவே இல்ல. சுவிச்ச மட்டுந்தான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன்."

ஜெயராஜ் கோப்பி கிளாஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். காரைத் தப்பான இடத்தில் நிறுத்திவிட்டு வந்தது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. போய்விட்டார்கள்.

பிரமிளா கண்கட்டை அவிழ்த்தாள். துணி நனைந்திருந்தது.

"என்னை மன்னிச்சிருங்க. எனக்கு எந்த பிளக்குலயும் ஒரு வித்தியாசமும் கேட்டதில்ல, முதல் நாள்லேருந்தே. நீங்க ஆசையா மாத்துறீங்களேன்னு பொய் சொன்னேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் லோக்கப்புல உக்காந்த மாதிரி இருந்துச்சுங்க."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். மோகனராஜ் கத்தவில்லை. அந்தச் சுவரையே பார்த்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் கேட்டதில்ல, பிரமி."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பின்ன எதுக்குங்க வாரா வாரம் மாத்தினீங்க?"

"உனக்கு இதெல்லாம் உசுருன்னு நெனச்சுத்தானே மாத்தினேன்!"