ஞாயிற்றுக்கிழமைப் பெற்றோர்

“குழந்தையை விட்டுத்தரவே மாட்டேன் மேடம்!” என்று வக்கீலான என் மேசையைத் தட்டிக் கத்தினான் நவநீதன். அவன் மனைவி பிரமிளாவும் அவள் வக்கீலிடம் இதே வசனம் பேசினாளாம். இந்தச் சூரத்தனமெல்லாம் ஆபீஸோடு சரி.

விவாகரத்து வழக்கு முடியும்வரை பெரியம்மா வீட்டிலிருக்கும் மகள் ஓவியாவை ஞாயிறுதோறும் இருவரும் சேர்ந்து வந்து பார்க்க வேண்டும் என்றது கோர்ட். சட்டத்தில் இடமிருக்கிறதே என்று, இருவரும் தங்கள் முகமும் குரலும் கொண்ட இயந்திர நகல்களை அனுப்பினார்கள். தீர்ப்பு நாளுக்கும் அவைதான் வந்தன. அவனுக்கு மீட்டிங்காம், அவளுக்குத் தோழி வீட்டுக் கிரகப்பிரவேசமாம். தூ!

“யார்கூட இருக்கணும் கண்ணு?” என்றார் நீதிபதி.

ஓவியா இரண்டு நகல்களின் கையையும் பிடித்துக்கொண்டாள்.

“இவங்ககூட. இவங்க சண்டையே போடமாட்டாங்க.”

“ஆட்சேபணை உண்டா?” என்று நீதிபதி என்னைப் பார்த்தார்.

“இல்லை” என்றேன்.