ராகு காலத்தில் எடுத்த வண்டி

புது வண்டியை மூடியிருந்த சிவப்புத் துணியை அவளே இழுத்துக் கீழே போட்டாள்.

புகைப்படக்காரர் கேமராவைக் கண்ணருகேகூடக் கொண்டுபோயிருக்கவில்லை.

"மேடம், இன்னொரு தடவ மூடிட்டு எடுக்கலாமா? ஃபேமிலியோட நின்னு…"

கேட்டவர், வண்டியை ஒப்படைக்க வந்த ஷோரூம்காரர் ஜோதிவேல். அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க ஃபேமிலி ஆக்ஸிஜன்ல கெடக்குதுங்க. நெசச் சாவியக் குடுங்க."

அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

ஷோரூம் இருக்கிற கடலூரைப் புயல் தொட்டும் தொடாமலும் போய்விட்டது. புதுச்சத்திரத்தில் அவள் ஊர்ப் பக்கம்தான் கம்பங்களையெல்லாம் படுக்கப்போட்டிருந்தது. வீட்டில் இன்வெர்ட்டர் செத்துவிட்டது. ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர்கள் போனையே எடுப்பதில்லை. அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷின் கட்டிலடியில் வெறும் பெட்டியாகக் கிடக்கிறது.

மிச்சம் ஒரே ஒரு சிலிண்டர். அவள் போய்ச் சேரும்வரை அது தாங்கும்.

உடனே கிளம்பினால்.

இந்த மின்சாரக் காரிலிருந்து ஒயர் இழுத்து மெஷினை ஓட்டலாம். அதற்காகத்தான் பதிவு செய்தாள். என்ன நிறம் என்றுகூடக் கேட்கவில்லை. கல் உடைக்கிற ஆலையில் அப்பா தின்ற தூசில் படித்தவள் அவள். அந்தத் தூசு இன்னும் அவர் நெஞ்சுக்குள்தான் இருக்கிறது.

கதவைத் திறந்து உட்கார்ந்தாள். திரை விழித்தது. பேட்டரி கால்வாசிதான் காட்டியது.

"நேத்து இதுல ரீல்ஸ் எடுத்தோம் மேடம். ஏசி, பாட்டு, லைட்டுன்னு கொஞ்சம் இறங்கிருச்சு. வீட்ல போய் சார்ஜ் போட்டுக்கலாமே?"

"வீட்ல கரண்டு இருந்தா நான் ஏங்க இங்க வந்து நிக்கிறேன்?"

போதும். ஏசி போடாமல் போனால், வீடு போகவும் போதும், மெஷினுக்கும் போதும்.

அப்போதுதான் போன் அடித்தது. அப்பா.

"பாப்பா… ராகு காலம்… நடக்குது."

ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே காற்றைத் தேடிப் போய்வந்தார்.

"பன்னண்டு… தாண்டட்டும். புது வண்டி. உனக்கு… எதாச்சும்னா…"

சாகக் கிடக்கிற மனுஷன் மகளுக்கு நல்ல நேரம் பார்க்கிறார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோராம் வகுப்பிலிருந்து அப்பாவிடம் எந்தச் சண்டையிலும் அவள் விட்டுக்கொடுத்ததில்லை. ராகுவாவது கேதுவாவது என்று ஆரம்பித்தால் அவரும் விடமாட்டார். பதிலுக்குப் பேசுவார்.

பேச மூச்சு வேண்டும்.

"சரிப்பா. பன்னண்டுக்கு மேலயே எடுக்குறேன்."

அவர் பெருமூச்சு விட முயல்வது கேட்டது.

போனை வைத்தாள். வண்டியை எடுத்தாள்.

"ஆக்ஸிலேட்டர்லேருந்து கால எடுத்தா அதுவே நிக்கப் பாக்கும் மேடம், பயப்படாதீங்க!" ஜோதிவேல் கூடவே ஓடிவந்தார். சக்கரத்தடியில் அவர்கள் வைத்திருந்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

சிதம்பரம் சாலை. இரண்டு பக்கமும் அறுத்துப் போட்ட மரங்கள். சார்ஜ் மிச்சமாகட்டும் என்று கண்ணாடியை இறக்கவில்லை, ஏசி போடவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. எஞ்சின் சத்தம் இல்லாத வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்றே தெரியாமல் ஓடியது.

பாதி வழியில் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மாவின் குரல் வண்டியின் ஸ்பீக்கர்களில் நாலு பக்கமிருந்தும் வந்தது.

"என்னாடி, பன்னண்டு ஆவலியே இன்னும்?"

"கெளம்பிட்டேம்மா. பாதி தூரம் வந்துட்டேன். அப்பாட்ட சொல்லித் தொலைக்காத."





"நீ பன்னண்டுக்கு மேலதான் எடுப்பேன்னு சொன்னியாமே?"

"ஆமா. அதுக்கு?"

"அதுவரைக்கும் சிலிண்டரு வரணுமேன்னு… அவருதான் திருகக் கொறச்சு வெக்கச் சொன்னாரு."

சாலை ஒரு கணம் கலங்கித் தெரிந்தது.

"எவ்ளோ கொறச்ச?"

"நானா எங்கடி கொறச்சேன்? அவருதான் கையக் காட்டிக்கிட்டே இருந்தாரு. கொற, இன்னும் கொறன்னு. எம் பொண்ணு நல்ல நேரத்துலதான் வரணும்னாரு."

"கூட்டும்மா! முழுசாத் தொறந்து வுடு! இப்பவே!"

திருகு கிறீச்சிடுவது கேட்டது. பிறகு காற்றின் சீறல்.

"தொறந்துட்டேன். ஏன் இப்படிக் கத்துற? தூங்குறாருடி பாவம். ராவெல்லாம் இழுத்துக்கிட்டுக் கெடந்த மனுஷன், இப்பத்தான் அசந்தாரு. இருமலுகூட நின்னு போச்சு. நீ பதறாம வா."

அவள் ஒலியை முடிந்தமட்டும் கூட்டினாள்.

சீறல். கூரைமேல் ஒரு காக்கை. அம்மாவின் வளையல்.

"போன அவரு மூக்குகிட்ட வெய்யி."

"தூக்கம் கலைஞ்சிரும்டி…"

"வெய்யிம்மா."

போன் துணியில் உரசிக்கொண்டு போனது. பிறகு நின்றது.

நன்றாகக் கேட்க வேண்டுமே என்று, அவள் தன் மூச்சை நிறுத்திக்கொண்டாள்.