ஒரு வாய்க்கு முப்பத்திரண்டு

பதினேழு, பதினெட்டு என்று மனதுக்குள் எண்ணியபடி ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மதியச் சாப்பாட்டின் முதல் வாயை மென்றுகொண்டிருந்தார்.

உள்ளே போன பீன்ஸ் பத்திலேயே காலி. அதற்கு மேல் அவர் மென்றது சொந்தப் பல்லைத்தான்.

எதிரே மனைவி. கழுத்தில் அளவு நாடா, கையில் பென்சில், முன்னால் கடிகாரம். வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறவள். கால் அங்குலம் பிசகினாலும் பிரித்துத் திரும்பத் தைப்பாள். அவளிடம் போய் நிமிடத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்ல முடியுமா? முதல் நாளே கேட்டுப் பார்த்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். அதோடு சரி.

வேலையிடத்தில் அவருக்கு மலைப்பாம்பு என்று பெயர். எந்த நிமிடமும் அழைப்பு வரும் என்று இருபது வருடமாக நின்றபடியே விழுங்கிப் பழகிய உடம்பு. விடுமுறை நாளிலும் பின்னால் யாரோ சைரன் ஊதுவது போலத்தான் சாப்பிடுவார். நாலு நிமிடம். கை கழுவுவதையும் சேர்த்து.

போன மாதம், காலில் கட்டுப் போட்ட ஒருவரை வீட்டில் விடப் போகும் வழியில், சிவப்பு விளக்கு மாறுவதற்குள் ஒரு முழு அவித்த முட்டையை உள்ளே தள்ளினார்.

முட்டை பாதி வழியில் நின்றுவிட்டது.

பின்னால் படுத்திருந்தவர்தான் எழுந்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்த சின்ன ஜன்னல் வழியாகக் கையை விட்டு, முதுகில் நாலு போடு போட்டு அதை இறக்கினார். நோயாளி ஓட்டுநரைக் காப்பாற்றிய கதையைக் கேட்டு அலுவலகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மருத்துவ அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு தாளை நீட்டினார். ஏழு நாள், ஏழு வரி. தினம் ஒரு வேளையாவது கவனமாகச் சாப்பிட வேண்டும், ஒரு வாய்க்கு முப்பத்திரண்டு தடவை மென்று. எத்தனை நிமிடம், என்ன சுவை, வீட்டில் இருப்பவர் கையெழுத்து. ஏழில் ஒரு நாள்கூட இருபது நிமிடத்தைத் தொடாவிட்டால், வண்டிச் சாவியை வைத்துவிட்டுக் கிடங்கில் போர்வை மடிக்கப் போகலாம்.

இன்று ஏழாவது நாள்.

நிமிடக் கட்டங்களில் மனைவி குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: நாலு, ஐந்து, நாலு, நாலு, ஆறு, நாலு. அந்த ஆறுகூட அன்று கரண்டி கீழே விழுந்ததால் வந்தது. சுவைக் கட்டங்களை அவரே முதல் நாள், சாப்பிட உட்காரும் முன்பாகவே, ஏழுக்கும் சேர்த்து ‘நன்று’ என்று நிரப்பி முடித்திருந்தார்.

"உப்பு சரியா இருக்கா?" என்றாள்.

தினமும் கேட்பதுதான். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வரும் பீப் சத்தம் போல அது பாட்டுக்கு வரும். அதற்கென்றே அவர் ஒரு ‘ம்’ வைத்திருந்தார்.

இன்று அந்த ‘ம்’மைச் சொன்னால் எண்ணிக்கை தப்பிவிடும். பொறு என்று கையைக் காட்டினார். இருபத்துமூன்று, இருபத்துநாலு.

அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறை கண்டுபிடிக்கத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து இன்னும் ஒழுங்காக மென்றார்.

இருபத்தாறில் ஏதோ இடித்தது.

பீன்ஸில் உப்பு இல்லை. குறைவு என்றுகூடச் சொல்ல முடியாது, அறவே இல்லை. சந்தேகத்துக்குப் பருப்பை மட்டும் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தார். கடல் நீரைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. வீட்டு உப்பு மொத்தமும் அங்கேதான் குடியிருந்தது.

இத்தனை நாளும் சோறு, பருப்பு, பீன்ஸ் எல்லாவற்றையும் பிசைந்து ஒரே தள்ளாகத் தள்ளியிருக்கிறார். உள்ளே போய் அவை தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சொல்லலாமா? பென்சில் அவள் கையில். கையெழுத்து அவளுடையது. சாவியும் போர்வையும் கண் முன்னால் மாறி மாறி வந்தன. கட்டத்தில் ஏற்கெனவே ‘நன்று’ என்று இருக்கிறது. பேசாமல் மென்றுவிட்டுப் போய்விடலாம்.

ஆனால் கால் அங்குலம் பிசகாதவள் அல்லவா எதிரே உட்கார்ந்திருக்கிறாள்; அவளிடம் பொய் ‘நன்று’ எடுபடாது.

விழுங்கினார். பீன்ஸில் உப்பே இல்லை, பருப்பில் இரண்டு பங்கு இருக்கிறது என்று மேஜையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

பென்சில் பறக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அவள் முகத்தில் கோபமே இல்லை. ரொம்ப நேரம் சுமந்த பையைக் கீழே வைத்தவள் போல இருந்தாள்.

"அப்பாடா. நாலு மாசமா குத்துமதிப்பாத்தாங்க போட்டுட்டு இருக்கேன். காய்ச்சல் விட்டதிலிருந்து எனக்கு நாக்குல ஒண்ணுமே தெரியல."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். ஏன் இதுவரை சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னேனே. இதே மேஜையிலதான். நீங்க ‘ம்’னீங்க."

எண்ணிக்கையை எதில் விட்டார் என்று அவருக்கு மறந்துபோனது.

அவள் ரப்பரை எடுத்து ஏழாவது ‘நன்று’வை அழித்தாள். பென்சிலை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அதை எடுக்கவில்லை. பீன்ஸில் கொஞ்சம் பருப்பைக் கலந்து, ஒரு வாய் எடுத்து, மென்று, வாயாலேயே சொல்ல ஆரம்பித்தார். இப்போது உப்பு சரியாக இருக்கிறது. பீன்ஸ் பிஞ்சு, லேசாக இனிக்கிறது. பருப்பு அடியில் ஒரு துளி பிடித்திருக்கிறது, ஆனால் அந்த வாசனை நன்றாகத்தான் இருக்கிறது.

வெளியூரிலிருந்து வந்த கடிதத்தை யாரோ படிக்கக் கேட்பது போல, அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டாள். அப்புறம் என்றாள். சோறு எப்படி என்றாள். அந்தப் பெரிய பீன்ஸ் துண்டைக் கடித்துச் சொல்லுங்கள் என்றாள்.

இருபது நிமிடம் எப்போது தாண்டியது என்று கடிகாரம் வைத்திருந்தவளே பார்க்கவில்லை.